சிப்புக்குள் மூன்றாம் நாள் செல்கள் செத்துப்போகின்றன, எங்கே தப்பு செய்கிறேன்?

மஞ்சக்காடு:

வணக்கமுங்க. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். சொந்த ஊர் சிவகிரி பக்கம், வீட்டில் மஞ்சள் வெள்ளாமை. 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்த ராசியோ என்னவோ, மஞ்சளில் இருக்கும் குர்குமினைப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டுப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "தட்டில் வைத்து எல்லாரும் செய்தாயிற்று, நீ மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் செய்" என்று கைடு சொல்லிவிட்டார். தட்டு என்றால் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு; சிப் என்றால் உள்ளே மெல்லிய வாய்க்கால் வைத்த சின்னத் துண்டு, செல்களை அந்த வாய்க்காலில் வளர்க்கவேண்டும். எங்கள் துறையில் இதற்கு முன் யாரும் சிப்பைத் தொட்டதில்லை.

சிப் ரொம்ப எளிமையானது. ஒரே ஒரு நேர் வாய்க்கால்: நீளம் 1 செ.மீ., அகலம் 1 மி.மீ., உயரம் 100 மைக்ரான். பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்த்து, ஒட்டுவதற்காகப் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டியது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை. ஆல்கஹால் விட்டுக் கழுவி, யு.வி. காட்டி, செல் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் புரதத்தைப் பூசி, மில்லிக்கு 50 லட்சம் என்ற கணக்கில் ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுநோய்) செல்களை விடுகிறேன். துளைகளின் மேல் மீடியம், அதாவது செல்களுக்கான சத்துநீர், சொட்டாக நிற்கும். பம்ப் கிடையாது. தினமும் காலை 10 மணிக்கு பைப்பெட்டால் மீடியம் மாற்றுவேன், அவ்வளவுதான்.

முதல் நாள் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாம் நாள் ஜோராக இருக்கின்றன. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நடு வாய்க்காலில் இருப்பவை உருண்டு மிதக்கின்றன. துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. ஆறு சிப் போட்டேன், ஆறும் இதே மாதிரி. சில நாள் மீடியம் மாற்றியதும் உள்ளே குமிழி வேறு வந்துவிடுகிறது. அது போன வழியில் ஒரு செல் கூட மிஞ்சுவதில்லை.

இன்னும் குர்குமினையே விடவில்லைங்க. அதற்குள் இந்தக் கதி.

வெண்ணெய்க்கட்டி:

கன்டாமினேஷன்தான். செல்களோடு கலந்து வளரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். எங்கள் லேபில் ஒரு வருடம் அதுதான் ஆட்டிவைத்தது.

மஞ்சக்காடு:

போட்டாயிற்றுங்க, இல்லை. அதே ஃப்ளாஸ்கிலிருந்து எடுத்துத் தட்டில் விட்ட செல்கள் ஐந்தாம் நாளும் நன்றாக இருக்கின்றன. சிப்பில் மட்டும்தான் சாவு.

கணபதி டூல்ரூம்:

நான் உயிரியல் ஆள் இல்லை. கணபதியில் சின்னதாக டூல்ரூம் வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு கல்லூரிக்காரர்கள் இதே மாதிரி சிப்புக்கு அலுமினியத்தில் மோல்டு கேட்டு வந்தார்கள். அதிலிருந்து இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம். அதனால் வார்ப்பு பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மோல்டு எது? சிலிக்கான் தட்டில் எஸ்.யு.-8 என்ற ஒளியில் இறுகும் பிசின் வைத்துச் செய்ததா, மில்லிங் செய்ததா? மில்லிங் என்றால் ஒரு சூட்சுமம் உண்டு. மோல்டில் வாய்க்கால் மேடாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள தரைதான் ரப்பரில் ஒட்டும் முகமாக வரும். அந்தத் தரையில் கட்டர் போன தடம் இருந்தால், ரப்பரிலும் அதே கோடு விழும், கண்ணாடியோடு சரியாக ஒட்டாது, ஓரத்தில் கசியும். நாங்கள் முதல் மோல்டில் மேட்டைப் பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தோம், தரையை விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

இரண்டாவது, ரப்பரை நன்றாக வேகவைக்கிறீர்களா? அடிப்பொருள் 10 பங்கு, கெட்டியாக்கி 1 பங்கு, எடை போட்டுத்தானே கலக்கிறீர்கள்? கண்ணளவு வேண்டாம். கலக்கும்போது உள்ளே போகும் காற்றை வேக்குவத்தில் வைத்து எடுக்காவிட்டால் பவுண்டரியில் வரும் புளோஹோல் மாதிரியே வரும்.

மஞ்சக்காடு:

எஸ்.யு.-8 தான் அண்ணா. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் வெளியாட்களுக்கும் சுத்த அறையைத் திறந்துவிடும் திட்டம் இருக்கிறது, அங்கே போய்ச் செய்துவந்தோம். எடை போட்டுத்தான் கலக்கிறேன். 65 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைக்கிறேன்.

கணபதி டூல்ரூம்:

கெட்டியாகிவிடும், சரி. ஆனால் கெட்டியானது வேறு, முழுதும் வெந்தது வேறு. 80 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். வேகாத மிச்சம் உள்ளேயே இருந்து பிறகு கசியும் என்று அந்தக் கல்லூரி மேடம் சொன்னார். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கடைமடை:

மஞ்சக்காடு கண்ணு, உன் செல்களை யாரும் கொல்லவில்லை. பட்டினி போட்டுவிட்டாய்.

நான் கோபிக்காரி. எங்கள் வயல் தடப்பள்ளி வாய்க்காலில் கடைசி மடை. கொடிவேரியில் தண்ணீர் திறந்து, மேலே இருப்பவர்கள் எல்லாம் நடவு முடித்த பிறகும், எங்கள் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடந்துகொண்டே இருப்பார். தலைமடையில் நெஞ்சளவு தண்ணீர், எங்களுக்குக் கணுக்கால் நனையாது. நீ சொன்ன சாவு எங்கெங்கே என்று படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உன் சிப்பில் இரண்டு துளையும் தலைமடை. நடுப்பகுதிதான் கடைமடை.

கணக்குப் போட்டுப் பார். 1 செ.மீ. × 1 மி.மீ. × 100 மைக்ரான் என்றால் மொத்தக் கொள்ளளவு 1 மைக்ரோலிட்டர். நீ விடுவது மில்லிக்கு 50 லட்சம், ஆக உள்ளே 5000 செல்கள். அதில் தப்பில்லை, தரைப்பரப்புக்கு அது சரியான நெருக்கம்தான், சதுர செ.மீ.க்கு 50,000. ஆனால் 96 குழித் தட்டில் அதே நெருக்கத்தில் விட்டால் செல்களுக்கு மேலே 3 மி.மீ. மீடியம் நிற்கும். உன் சிப்பில் நிற்பது 0.1 மி.மீ. ஒரு செல்லுக்குக் கிடைக்கும் சாப்பாடு 30-ல் ஒரு பங்கு. தட்டில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்றினால் போதும் என்றால், அந்தக் கணக்குப்படி இங்கே இரண்டு மணிநேரத்துக்குள் ஒரு தரம் மாற்றவேண்டும். நீ நாளுக்கு ஒரு தரம் மாற்றினால் எப்படி? ஹீலா ஏறக்குறைய நாளுக்கு ஒரு தரம் இரட்டிக்கும். 5000, அடுத்த நாள் 10,000, அதற்கடுத்த நாள் 20,000. மீடியம் மட்டும் அதே 1 மைக்ரோலிட்டர். மூன்றாம் நாள் சாகாமல் என்ன செய்யும்?

"துளை மேல் சொட்டு நிற்கிறதே, அதிலிருந்து உள்ளே போகாதா?" என்று கேட்பாய். போகும், பரவிப் போகும். குளுக்கோஸ் 100 மைக்ரான் பரவுவதற்குச் சில நொடி போதும். துளையிலிருந்து நடுவுக்கு 5 மி.மீ. தூரம் 50 மடங்கு, ஆனால் நேரம் 50-இன் வர்க்கம், அதாவது 2500 மடங்கு. ஐந்து மணிநேரம் ஆகிவிடும். அதுவும் வழியில் யாரும் எடுத்துச் சாப்பிடாமல் இருந்தால். தலைமடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? கழிவாக வரும் லாக்டிக் அமிலம் வெளியே போவதற்கும் இதே பாடுதான். தட்டில் என்றால் மீடியம் மஞ்சளாவதைக் கண்ணால் பார்த்து மாற்றிவிடுவோம். 100 மைக்ரான் தடிமனில் நிறமே தெரியாது, அதனால் உனக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

ஆக்சிஜன் காரணமில்லை. பி.டி.எம்.எஸ். மூச்சு விடும் பொருள், வாயு அதன் வழியாகத் தாராளமாக ஊடுருவும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடாதீர்கள், கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது என்று நம் பக்கத்து விவசாயிகள் போராடவில்லையா? அதே கதை. கசிகிற கரையால்தான் உன் செல்களுக்குக் காற்று கிடைக்கிறது. ஆனால் அதே கரை வழியாக நீராவியும் வெளியே போகும். 1 மைக்ரோலிட்டரில் கால் மைக்ரோலிட்டர் ஆவியானாலே உப்பு ஏறிவிடும், செல் சுருங்கிவிடும். சிப்பைச் சும்மா இன்குபேட்டர் தட்டில் வைக்காதே. பெரிய பெட்ரி டிஷ்ஷில் ஈரப் பஞ்சு போட்டு, சிப்பை உள்ளே வைத்து மூடு. இன்குபேட்டரின் அடித் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடக்கிறதா என்றும் பார். அதை நிரப்பும் வேலை யாருடையது என்று ஒரு லேபிலும் தெரிந்ததில்லை.

குமிழிக்கு வருகிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தை அப்படியே விடுகிறாய், சரிதானே? குளிர்ந்த திரவத்தில் அதிகக் காற்று கரைந்திருக்கும். 37 டிகிரிக்கு வந்ததும் தாங்காமல் வெளியே வரும். அதற்குச் சிப்புக்குள் போக்கிடம் இல்லை. மீடியத்தை 37 டிகிரியில் அரைமணி நேரமாவது வைத்து, முடிந்தால் வேக்குவத்தில் காற்றை எடுத்துவிட்டு, பிறகு விடு. பைப்பெட்டை அழுத்துவதற்கு முன் துளையில் சொட்டு நிறைந்திருக்கட்டும், சொட்டோடு சொட்டு சேரவேண்டும். காய்ந்த துளைக்குள் டிப்பைச் செருகினால் காற்றைத்தான் முதலில் தள்ளுவாய். குமிழி போகும்போது அதன் ஓரத்துப் பரப்பு இழுவிசை செல்களைச் சுரண்டிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு நீ எந்த மருந்தை விட்டு என்ன அளந்தாலும் அர்த்தமில்லை, அந்தச் சிப்பைத் தூக்கிப் போட்டுவிடு.

மஞ்சக்காடு:

அக்கா, கணக்கைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் விஷயமும் சரிதான். தண்ணீர்த் தட்டு பாதிக்கு மேல் காய்ந்திருந்தது.

ஆனால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதென்றால் ராத்திரியும் லேபிலேயே கிடக்கவேண்டும், ஹாஸ்டலில் விடமாட்டார்கள். சிரிஞ்ச் பம்ப் வேறு துறையில் ஒன்று இருக்கிறது, அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். வேறு வழி உண்டா?

வெண்ணெய்க்கட்டி:

இவ்வளவு பாடுபட்டுச் சிப்பில் எதற்குத்தான் செய்யவேண்டும்? தட்டிலேயே செய்துவிட்டுப் போகலாமே.

கடைமடை:

வெண்ணெய்க்கட்டி கேட்பது நியாயமான கேள்வி. செல் சாகிறதா பிழைக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் தட்டு போதும், நான் கூட அதைத்தான் சொல்வேன். சிப்பின் பலம் வேறு. இந்த அளவில் தண்ணீர் சுழலாது, நூல் பிடித்த மாதிரி போகும். இரண்டு திரவத்தை அருகருகே விட்டால் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஒரே வாய்க்காலில் ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் மீடியம் கொடுக்கலாம். 2010-ல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டொனால்டு இங்பர் குழு நுரையீரல் சிப் செய்தது. துளையுள்ள மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல், மறுபக்கம் ரத்தக்குழாய்ச் செல், இரண்டு ஓரத்திலும் உறிஞ்சி விட்டுச் சவ்வை மூச்சு வாங்கவைத்தார்கள். தட்டை அப்படி மூச்சு வாங்கவைக்க முடியாது. அதே 2010-ல் ஒற்றை பாக்டீரியாவைச் சந்தில் நிறுத்தி, தலைமுறை தலைமுறையாக அது பிரிவதைப் பார்க்கும் சிப்பும் வந்தது. தங்கச்சிக்கு இதெல்லாம் தேவையா என்பதை அவளும் கைடும் முடிவு செய்யட்டும்.

சரி, பம்ப் இல்லாத வழி. உங்கள் மஞ்சள் காட்டில் சொட்டுநீர் இருக்கிறதல்லவா? அதில் மைக்ரோட்யூப் என்ற மெல்லிய குழாயைப் பார்த்திருப்பாய். அதையே செய்.

வெறுமனே ஒரு முனையில் உயரமாக மீடியம் வைத்தால் வேலைக்காகாது. உன் வாய்க்காலின் அளவுக்கு 1 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 60 மைக்ரோலிட்டருக்கு மேல் பாயும். சில நிமிடத்தில் இரண்டு பக்கமும் மட்டமாகி நின்றுவிடும். மறுபடியும் பட்டினி. அதனால் இடையில் தடை வேண்டும். கால் மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டெஃப்லான் ட்யூபில் ஒரு மீட்டர் வெட்டிச் சுருட்டி, மீடியம் இருக்கும் சிரிஞ்ச் குழாய்க்கும் சிப்புக்கும் நடுவில் போடு. இப்போது அதே 1 செ.மீ. உயரத்துக்கு நிமிடத்துக்கு 0.8 மைக்ரோலிட்டர் அளவில்தான் போகும். ஒன்றரை நிமிடத்துக்குள் உன் வாய்க்கால் மீடியம் ஒருமுறை புதுசாகும், நாளுக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேல் செலவு. சிரிஞ்ச் குழாய் அகலமாக இருக்கட்டும், மட்டம் சீக்கிரம் இறங்காது. காலையில் வந்ததும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தால் போதும். ட்யூப் வாங்கும்போது விட்டத்தில் ஏமாந்துவிடாதே. விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு, பத்து சதவீதம் தப்பினாலும் கணக்கு நன்றாகவே இடிக்கும். ஒரு மணிநேரம் ஓடவிட்டு, வெளியே வந்ததை எடை போட்டுப் பார்த்துக்கொள்.

பாய்ச்சல் அதிகமானால் செல் உரசப்படுமா என்று பயப்படுவாய். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டருக்கு உன் வாய்க்காலில் உரசல் விசை சதுர செ.மீ.க்கு 0.07 டைன். தமனிகளில் ரத்தக்குழாய்ச் செல்கள் 10, 15 டைன் தாங்குகின்றன. ஹீலாவுக்கு 0.07 ஒன்றுமே இல்லை. ஆனால் அடுத்த மோல்டில் உயரத்தை 50 மைக்ரான் ஆக்கிவிடாதே, அதே ஓட்டத்துக்கு உரசல் நான்கு மடங்காகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சின்ன உயரத்துக்குக் குமிழியைத் தள்ளும் பலம் கிடையாது. ட்யூபில் ஒரு குமிழி உட்கார்ந்தால் ஓட்டம் அப்படியே நின்றுவிடும், உனக்குத் தெரியவும் தெரியாது. போர்வெல் மோட்டார் ஏர் பிடித்தாலாவது சத்தம் மாறும். ட்யூபை முதலில் சிரிஞ்சால் தள்ளி நிரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டு.

கணபதி டூல்ரூம்:

சிப்புக்கு முன்னால் ஒரு சின்ன அறை, மேலே காற்று தங்கும் இடம், மீடியம் அடியிலிருந்து போகிற மாதிரி. பைப்லைனில் ஏர் வால்வு வைப்போமே, அதுபோல. வரைபடம் அனுப்புங்கள், மோல்டோடு சேர்த்தே அறுத்துத் தருகிறேன். காசெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைமடை:

அண்ணன் சொல்வது நல்ல யோசனை, செய்துகொள்.

இப்போது நீ கேட்காத விஷயம் ஒன்று. குர்குமின். இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் ஆறு மாதம் கழித்து நீ இங்கேயே வந்து அழுவாய். பி.டி.எம்.எஸ். எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். 2006-லேயே நைல் ரெட் என்ற சாயத்தை விட்டு, அது ரப்பருக்குள் எப்படி ஊறுகிறது என்று படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். குர்குமினும் தண்ணீரில் கரையாத ஜாதி. நீ 20 மைக்ரோமோலார் விட்டேன் என்று எழுதுவாய், செல் பார்த்தது எவ்வளவு என்று உனக்கே தெரியாது. தட்டிலும் சுவர் உண்டு, ஆனால் ஒரு சொட்டு திரவத்துக்கு எவ்வளவு சுவர் என்று பார்த்தால் சிப்பில் அது பல மடங்கு.

போதாக்குறைக்கு அது தானாகவே சிதையும். சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத 7.2 பி.எச். கரைசலில் 37 டிகிரியில் அரைமணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் போய்விடும் என்று 1997-லேயே அளந்திருக்கிறார்கள். சீரம் இருந்தால் கொஞ்சம் தாங்கும். குர்குமின் பல சோதனைகளில் பொய்யாகப் பலன் காட்டும் என்றும் 2017-ல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். மஞ்சள் வெள்ளாமைக் குடும்பத்துப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முதலில் செல் இல்லாத வெறும் சிப்பில் குர்குமின் மீடியத்தை விடு. வெளியே வருவதைச் சேர்த்து 425 நானோமீட்டர் பக்கம் ஒளி உறிஞ்சலை அளந்து, உள்ளே விட்டதோடு ஒப்பிடு. அதுவே ட்யூப் குடித்ததையும் காட்டிவிடும். அந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகு செல்லை விடு.

மஞ்சக்காடு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

மைக்ரோட்யூப் வேலை செய்கிறது அக்கா. ட்யூப் வாங்க மட்டும் பதினோரு நாள். நான்கு சிப் போட்டேன். ஒன்றில் குமிழி உட்கார்ந்து இரண்டாம் நாளே போய்விட்டது. ஒன்று ஓரத்தில் கசிந்தது, ஒட்டியதில் தப்பு. மீதி இரண்டில் ஆறாம் நாள் காலையிலும் நடு வாய்க்கால் வரை நிறைந்து நின்றன, இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. ரப்பரை ராத்திரி முழுக்க 80 டிகிரியில் வைக்கிறேன். தண்ணீர்த் தட்டுக்கு என் பெயரையே எழுதி ஒட்டிவிட்டேன்.

வெறும் சிப்பில் குர்குமினும் விட்டுப் பார்த்தேன். வெளியே வந்த மீடியம் கண்ணுக்கே வெளுப்பாகத் தெரிந்தது. மறுநாள் ரப்பரைப் பிய்த்து பிளேடால் குறுக்கே அறுத்தேன். வாய்க்காலைச் சுற்றி மஞ்சள் வளையம். அம்மாவின் முறத்தில் இருக்கும் கறை மாதிரியே. அதைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துக் கைடிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ரப்பர் வேண்டாம். கண்ணாடியில் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேள்" என்றார்.

கணபதி அண்ணா, கண்ணாடியில் 100 மைக்ரான் அறுப்பீர்களா?